பழைய கார் புகைப் பரிசோதனையில் ஏன் தேறவில்லை? – ஒரு சீட்டின் வரலாறு



போன மாதம் என் பழைய மாருதி 800 புகைப் பரிசோதனையில் தேறவில்லை. அந்தச் செய்தி நம் வாட்ஸ்ஆப் குழுவுக்கு எப்படி வந்ததோ தெரியாது, அன்று மாலைக்குள் மூன்று யோசனைகள் வந்துவிட்டன. ஒருவர், "காயலான் கடைக்குப் போட்ருங்க சார்" என்றார். இன்னொருவர், வண்டியைக் கொண்டுபோகாமலே சர்டிபிகேட் வாங்கித் தரும் ஆள் தனக்குத் தெரியும் என்றார். மூன்றாமவர், பதினைந்து வருடத்தைத் தாண்டிய கார்களுக்கு நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இடம் தரக் கூடாது என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போவதாக எழுதினார்.

குழுவில் நான் யாருக்கும் பதில் போடவில்லை. வங்கியில் முப்பத்தாறு வருடம் பேரேடு பார்த்தவன் நான். ஒரு சீட்டில் எண்கள் இருந்தால், அவை எங்கிருந்து வந்தன என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே பதிலை இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்களில் பத்துப் பேரிடமாவது என்னுடையதைப் போன்ற பழைய வண்டி இருக்கிறது. உங்களுக்கும் பயன்படும்.

சீட்டில் இருந்தது என்ன?

என் கார் 1997 மாடல். 2003-இல் செகண்ட் ஹேண்டாக, ஸ்டாஃப் லோன் போட்டு வாங்கியது. பரிசோதனைச் சீட்டில் இரண்டு எண்கள். கார்பன் மோனாக்சைடு 4.8 சதவீதம், அனுமதி 3 சதவீதம். ஹைட்ரோகார்பன் 1,120 பி.பி.எம்., அனுமதி 1,500. முதலாவதில் தோல்வி, இரண்டாவதில் தேர்ச்சி.

எதிர் ஃபிளாட் நண்பரின் 2018 மாடல் பெட்ரோல் காருக்கும் ஒரு சீட்டு உண்டு. அவருக்கு அனுமதி 0.3 சதவீதம், 200 பி.பி.எம். அதாவது என் வண்டி அவர் வண்டியைவிடப் பத்து மடங்கு கார்பன் மோனாக்சைடு விட்டாலும் சட்டப்படி அது 'பாஸ்'. அந்தச் சலுகையும் போதாமல்தான் என் வண்டி தோற்றிருக்கிறது. ஒரே ஊர், ஒரே பெட்ரோல் பங்க். ஆளுக்கு ஒரு அளவுகோல் எப்படி வந்தது?

புகைக்குச் சட்டம் வந்த கதை

கதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தொடங்குகிறது. 1943-இல் அந்த ஊரைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, போர்க்காலம் ஆனதால், எதிரி நாடு விஷவாயு விட்டுவிட்டதோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு விஞ்ஞானி. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர். வண்டிகளிலிருந்தும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் ஒன்று சேர்ந்துதான் அந்தப் புகைமூட்டம் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கார் கம்பெனிகள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 1966 மாடல் கார்களுக்குக் கலிபோர்னியா மாநிலம் முதன்முதலாகச் சைலன்சர் புகைக்கு வரம்பு வைத்தது. 1970-இல் அமெரிக்கா முழுமைக்கும் கடுமையான சட்டம் வந்தது. அதன் விளைவாக 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற கருவி வந்தது. சைலன்சருக்கு முன்னால் அமர்ந்து, பாதி எரிந்த வாயுவை முழுதாக எரித்து அனுப்பும் டப்பா அது.

அந்தக் கருவிக்கு ஒரு எதிரி இருந்தது. பெட்ரோலில் கலந்த ஈயம். இன்ஜின் தட்டாமல் ஓடுவதற்காக 1920-களிலிருந்து உலகமெங்கும் பெட்ரோலில் ஈயம் சேர்த்து வந்தார்கள். ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் செத்துப்போகும். எனவே ஈயமில்லாத பெட்ரோல் வேண்டியதாயிற்று. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்று டாக்டர்கள் எச்சரித்தும் போகாத ஈயம், ஒரு டப்பாவுக்காகப் போகத் தொடங்கியது.

நம் நாட்டில் எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் டெல்லியின் வாகனப் புகையை எதிர்த்து 1985-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அதே வருடம் மார்ச்சில்தான் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து நம் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. வழக்கு பல வருடம் ஓடியது. இதற்கிடையில் புதிய மோட்டார் வாகனச் சட்டமும் விதிகளும் 1989 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தன. அந்த விதிகளில் 115-ஆம் விதிதான் உங்கள் கையில் இருக்கும் சீட்டுக்குத் தாய்ப்பத்திரம். வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போது நான்கு சக்கர பெட்ரோல் வண்டி 3 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடு விடக் கூடாது என்பது அதில் உள்ளது. ஹைட்ரோகார்பன் கணக்கு 2004-இல் சேர்ந்தது.

புது வண்டிகளுக்கான விதி படிப்படியாக இறுகியது. 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலும் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது. அதற்கேற்ப அங்கே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நாடு முழுதும் ஈயம் போனது 2000 பிப்ரவரியில். அதே வருடம் ஏப்ரலில் யூரோ 1-க்குச் சமமான விதி நாடெங்கும் வந்தது. 2005-இல் பாரத் ஸ்டேஜ் 2, 2010-இல் ஸ்டேஜ் 3, 2017-இல் ஸ்டேஜ் 4, பிறகு ஐந்தைத் தாண்டி 2020-இல் ஒரேயடியாக ஸ்டேஜ் 6. நான் சொல்வது நம் ஊர் போன்ற ஊர்களுக்கு வந்த வருடங்கள். பெருநகரங்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை முன்னாலேயே வந்துவிட்டன.

இப்போது என் காரைப் பாருங்கள். 1997-இல் நம்மூரில் விற்ற கார். கன்வெர்ட்டர் கிடையாது, கார்பரேட்டர் இன்ஜின். அதற்கு 3 சதவீதம் என்பது, பிறந்த காலத்தின் சட்டம். ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 வண்டி என்றால் 0.5 சதவீதம், 750 பி.பி.எம். ஸ்டேஜ் 4 என்றால் 0.3 சதவீதம், 200 பி.பி.எம். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். பரிசோதனைக்காரர் அதைச் சரியாகப் பதிந்தாரா என்று முதலில் பாருங்கள். வருடம் தப்பானால் தேற வேண்டிய வண்டி தோற்கும், தோற்க வேண்டியது தேறும்.

புகையும் ஒரு டிரையல் பேலன்ஸ்தான்

காமர்ஸ் படித்தவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு மெக்கானிக் எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். இன்ஜினுக்குள் இரண்டு வரவுகள்: காற்று, பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே போனதெல்லாம் சைலன்சர் வழியாக வெளியே வந்தாக வேண்டும். முழுதாக எரிந்தது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் வரும். காற்று போதாமல் பாதி எரிந்தது கார்பன் மோனாக்சைடாக வரும். எரியாமலே தப்பிய பெட்ரோல் ஹைட்ரோகார்பனாக வரும். எந்தக் கணக்கில் எண் கூடியிருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் பிழை. எனவே சீட்டை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம்.

1. கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகம்: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் முழுதாகத் திறக்காமல் இருப்பது, கார்பரேட்டரில் பெட்ரோல் மட்டம் ஏறியிருப்பது, ஐடிலிங் மிக்ஸ்சர் ஸ்க்ரூ தப்பாக இருப்பது.

2. ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம்: பெட்ரோல் பற்றாமலே போகிறது. ஸ்பார்க் பிளக், பிளக் ஒயர், டைமிங், வால்வு கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கூடவே நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அது பெரிய செலவு.

3. இரண்டும் அதிகம்: பெட்ரோல் மிக அதிகமாகி பிளக்கே கரி பிடித்திருக்கலாம். கன்வெர்ட்டர் உள்ள வண்டியென்றால் கன்வெர்ட்டர் செத்திருக்கலாம்.

4. எண்கள் சந்தேகப்படும்படி மிகக் குறைவு: சந்தோஷப்படாதீர்கள். சைலன்சரில் ஓட்டை இருந்து வெளிக்காற்று கலந்தாலும் எண் குறையும்.

2000-க்குப் பின் வந்த பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் சோக் கிடையாது. அவற்றில் பெட்ரோலை அளப்பது கம்ப்யூட்டர், அதற்குத் தகவல் சொல்வது ஆக்சிஜன் சென்சார். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதைச் சரிசெய்யாமல் பரிசோதனைக்குப் போவது வீண். கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யும். எனவே வீட்டிலிருந்து நேராகப் பக்கத்துத் தெருவுக்குப் போய்ப் பரிசோதிக்காதீர்கள். டீசல் வண்டிக்குக் கணக்கே வேறு. ஆக்சிலேட்டரை அழுத்திக் கரும்புகையின் அடர்த்தியைத்தான் அளப்பார்கள். அங்கே தேறாவிட்டால் ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டர் நாசிலையும் பாருங்கள்.

என் வண்டியின் கணக்கு

என் சீட்டில் முதல் வகை நோய். முதல் தடவை இன்ஜின் சூடாகாமல் போனது என் தப்பு. எனவே மறுநாள் சிவகாசி சாலையில் ஆமத்தூர் வரை ஓட்டிவிட்டு வந்து அளந்தேன். 4.8 என்பது 4.2 ஆனது. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் கரிசல் மண் தூசி அப்பிக் கிடந்தது. புது ஃபில்டர் போட்டதும் 3.7. இன்னும் தேறவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றும் அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கரி பிடித்திருந்தன. அதன் பிறகுதான் மெக்கானிக் சோக் பட்டனை இழுத்துத் தள்ளிப் பார்த்தார். உள்ளே தள்ளினாலும் கார்பரேட்டரில் சோக் மூடி கால்வாசி மூடியே நின்றது. கேபிளில் துரு. அதை மாற்றி, பிளக்கைச் சுத்தம் செய்து, மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கடைசியாகத் திருத்தினார். மறுபடி அளந்தபோது கார்பன் மோனாக்சைடு 1.9, ஹைட்ரோகார்பன் 610. மொத்தச் செலவு 1,350 ரூபாய்.

இதில் ஒரு வரிசை உண்டு என்பதைக் கவனியுங்கள். ஸ்க்ரூவைத் திருப்புவது கடைசி வேலை. சிலர் அதை முதலில் திருப்பி எண்ணைக் குறைத்துச் சீட்டு வாங்கிவிட்டு, வெளியே வந்ததும் பழையபடி திருப்பிக்கொள்வார்கள். ஆடிட்டர் வருகிற நாளுக்கு மட்டும் கேஷ் டாலி ஆகும் கிளை போல. இது நம்மூர் வழக்கம் மட்டும் இல்லை. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி, பரிசோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைக்கும் ஒரு கம்ப்யூட்டர் தந்திரத்தை உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் வைத்திருந்தது வெளிவந்தது.

அவர்களைச் சொல்லும் முன் என்னைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் இரண்டு வருடம் நானும் வண்டியைக் கொண்டுபோகாமலே சீட்டு வாங்கினேன். கேட்டால், நேரம் இல்லை என்றிருப்பேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இல்லையாம்! அந்த இரண்டு வருடத்தில்தான் மைலேஜ் 16-இலிருந்து 12-க்கு இறங்கியது. காரில் ஏறினாலே தலை வலிக்கிறது என்று என் மனைவி பல தடவை சொன்னார். வயதுக் கோளாறு என்று தள்ளிவிட்டேன். இப்போது வலி இல்லை என்கிறார். புகைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அதைவிட இருநூறு மடங்கு வலுவாகப் பிடித்துக்கொள்ளும் என்பது டாக்டர்கள் சொல்வது. நான் காசு கொடுத்து வாங்கியது சர்டிபிகேட் இல்லை. என் வண்டியின் நோய் எனக்குத் தெரியாமல் இருப்பதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு இதில் என்ன?

இந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் முழுக் கட்டுரையையும் எழுதினேன். வாகனப் புகை வழக்கு டெல்லியில் பிறந்தது போலவே, பட்டாசு வழக்கும் டெல்லியில்தான் பிறந்தது. 2015-இல் மூன்று குழந்தைகளின் பெயரால் போடப்பட்ட வழக்கு அது. 2018 அக்டோபர் 23-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை மட்டும். அதன் பின் சிவகாசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. கவுண்டருக்கு வந்து நகைக் கடனுக்குத் தவணை கேட்ட பட்டாசுத் தொழிலாளர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்போது இந்த மாவட்டத்தில் டீக்கடை டீக்கடையாகக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வருஷம் பூரா ஓடுற காரை விட்டுட்டு, ஒரு நாள் வெடிக்கிற வெடியைப் பிடிக்கிறாங்களே?" 2019 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளே அதைக் கேட்டார்கள். வண்டிகள் அதைவிட அதிகமாக மாசுபடுத்தும்போது பட்டாசின் பின்னால் மட்டும் ஏன் ஓடுகிறீர்கள் என்று மத்திய அரசைக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு ஆய்வு உண்டா என்றும் விசாரித்தார்கள். அன்று நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்!

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட மாவட்டத்துக்காரன் தன் சொந்தக் காருக்கு அளக்காத சீட்டை வாங்கி வைத்திருந்தால், கேட்பதற்கு அவனுக்கு என்ன வாய் இருக்கிறது? நானே அப்படித்தான் இருந்தேன் என்பது இப்போதும் உறுத்துகிறது.

எனவே அடுத்த பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள். பதினைந்து வருடம் என்று வயதை வைத்துத் தடை போட வேண்டாம். டெல்லியில் அப்படி ஒரு கட்டுப்பாடு வந்தது, அது அந்த ஊர் நிலைமை. இங்கே பதினைந்து வருடம் முடிந்த காருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனபோது, முணுமுணுத்துக்கொண்டே நானும் கட்டினேன். பராமரிக்காத ஐந்து வயது வண்டியைவிடப் பராமரித்த இருபது வயது வண்டி நல்லதாகவும் இருக்கலாம். அதை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அதற்குப் பதில் இரண்டு விதிகள் போதும். ஒன்று, ஒவ்வொரு வண்டிக்கும் உண்மையாக அளந்த, காலாவதியாகாத சீட்டின் நகலை அசோசியேஷன் ஆபீஸில் கொடுப்பது. ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதம், அதற்குப் பிந்தையதற்கு ஒரு வருடம் செல்லும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சீட்டில்லாத வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு, பேஸ்மென்ட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருக்காமல் இருப்பது. காலை ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேனுக்காகப் பிள்ளைகள் நிற்பது பேஸ்மென்ட் சரிவுக்குப் பக்கத்தில்தான். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் மூச்சு விடும் உயரம்தான் சைலன்சர் உயரத்துக்குப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் 1997 மாருதியைத் துடைத்துக்கொண்டு பி பிளாக் பார்க்கிங்கில்தான் இருப்பேன். தேறாத சீட்டு யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள். வண்டியைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது. எந்தக் கணக்கில் எண் இடிக்கிறது என்று பார்த்துச் சொல்வேன். அது நான் முப்பத்தாறு வருடம் பார்த்த வேலைதான்.

அன்புடன்,
பி பிளாக் குடியிருப்பாளர்,
ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர்